அத்தை வந்த ஸ்பெஷல் பஸ்

தகரப் பலகையில் எழுதத் தொட்ட சிவப்புப் பெயிண்ட் என் முழங்கை வரைக்கும் வழிந்துவிட்டது. எழுத வேண்டிய வார்த்தை மட்டும் இன்னும் முடிவாகவில்லை. மறுநாள் அத்தைக்குக் கல்யாணம். காலையில் திருத்துறைப்பூண்டியில் மாப்பிள்ளை வீட்டில் தாலி கட்டு. மத்தியானம் பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டு விருந்துக்கு நன்னிலம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு வர வேண்டும். அதற்கென்று அரசாங்க பஸ் ஒன்றைச் சித்தப்பா வாடகைக்குப் பேசியிருந்தார். அவரே அதில் கண்டக்டர். முன்கண்ணாடியில் மாட்டும் பலகைக்கு ஓவியன் நான்தான்; பி.யு.சி. படிக்கிறவன், எழுத்து குண்டுகுண்டாக இருக்கும் என்று வீட்டில் பேர்.

"சிறப்புப் பேருந்துன்னு எழுதுடா" என்றார் சித்தப்பா. கட்சி மேடைகளில் பேசுகிறவர் அவர். டிக்கெட் கிழிக்கும்போதுகூட 'பயணச்சீட்டு' என்றுதான் சொல்வார்.

"எழுதாத! ஸ்பெஷல்னு போடு" என்றாள் அத்தை, கையில் மருதாணியோடு.

"ஏன், தமிழ்ல இல்லாத சிறப்பா?"

"உன் தமிழை மேடைக்கு வச்சுக்க அண்ணே. இந்த பஸ்சு மேலத்தெரு வழியால்ல வரணும்!"

மேலத்தெரு மிராசுதார்களின் தெரு. ரோட்டிலிருந்து எங்கள் கீழத்தெருவுக்கு நேர்வழி அதுதான். ஆனால் நாங்கள் அதில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்கலாம். கல்யாணம், மேளம் என்றால் அதுவும் கிடையாது, வாய்க்கால் கரையோடு சுற்றிக்கொண்டு போக வேண்டும். எங்கள் அம்மா அப்படித்தான் வந்தாள், பட்டுப்புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில். அந்த வருஷமோ அறுவடைக் கூலித் தகராறு வேறு. பெண்களைத் திரட்டி, அறுப்புக்கு இறங்காமல் வரப்பில் உட்கார வைத்தவள் அத்தை. "மேளத்தோட இந்தப் பக்கம் வந்தா பாரு" என்று காரியக்காரர், அதாவது மிராசுதாரின் நிலபுலன்களைப் பார்த்துக்கொள்கிறவர், சொல்லியனுப்பியிருந்தார். "கரை வழியா எனக்குக் கல்யாணமே வேணாம்" என்று அத்தையும் சொல்லிவிட்டாள்.

ஸ்பெஷல் என்ற வார்த்தைக்கு எங்கள் பக்கத்தில் எத்தனை மரியாதை என்று இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது! டீக்கடையில் ஆடை மிதந்தால் ஸ்பெஷல். திருவாரூர்த் தேருக்கு விடுகிற ரயில் ஸ்பெஷல். அத்தை விரால் குழம்பு வைத்தால் அது குழம்பில்லை, ஸ்பெஷல். அதோடு, குத்தகை சாகுபடி யாருடையது என்று பதிய ஜீப்பில் வந்தவர் ஸ்பெஷல் தாசில்தார். தகராறுக்காகப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தது ஸ்பெஷல் போலீஸ். எவருக்கும் ஒதுங்காத காரியக்காரர் அந்த ஒரு சொல்லுக்குத் துண்டை இடுப்புக்கு இறக்குவதை வயலில் குனிந்தபடியே அத்தை பார்த்திருக்கிறாள். "அவங்களுக்கு ஒதுங்குறவரு நமக்கும் ஒதுங்கட்டும்" என்றாள். நான் எழுதினேன். சித்தப்பா பலகையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "சொல்லு இங்கிலீஷு, எழுத்து வடமொழி. விளங்குமாடா என் கட்சி?"

மறுநாள் மத்தியானம் பஸ் மேலத்தெரு முனையில் திரும்பியபோது, உள்ளே பாடிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். நடுத்தெருவில் காரியக்காரர் கையைக் காட்டிக்கொண்டு நின்றார். பின்னால் தடியோடு இரண்டு ஆள். டிரைவர் பிரேக்கை மிதித்தார்.

"என்ன கண்டக்டரு, வழி மாறி வருது?"

சித்தப்பா படியில் நின்று மேடைக்குரலில் சொன்னார்: "சிறப்புப் பேருந்து, ஐயா."

"எதுவா இருந்தா என்ன, திருப்பு."

அத்தை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். மாலை கம்பியில் நசுங்கியது. "ஸ்பெஷலுங்க! கவர்மெண்ட்டு ஸ்பெஷலு. பலகையைப் படிங்க!"

அவருக்கு உள்ளே இருப்பது யார் என்று நன்றாகவே தெரியும். ஆனாலும் பலகையைப் பார்த்தார், பஸ்சின் மேல் இருந்த அரசாங்க முத்திரையைப் பார்த்தார், பள்ளிக்கூடப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். கை தானாக இறங்கியது. ஒதுங்கினார். பஸ்சுக்குள் எழுந்த குலவையில் டிரைவரே ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். நான் சீட்டின் மேல் ஏறி நின்றுவிட்டேன்.

பாதித் தெரு தாண்டியிருப்போம். "நிறுத்துங்க" என்றாள் அத்தை.

"என்னம்மா ஆச்சு?"

"எறங்கணும்."

சித்தப்பா பதறிப்போய் ஓடிவந்தார். "பைத்தியமா உனக்கு? அதான் பஸ்சு போவுதுல்ல!"

"பஸ்சுதான் அண்ணே போவுது. நான் இன்னும் போவலியே."

புது மாப்பிள்ளை, அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், எழுந்து முதலில் இறங்கினார். கீழேயிருந்து கையை நீட்டி, "செருப்பைப் போட்டுக்கிட்டு எறங்கு" என்றார். அந்த நிமிஷத்தில்தான் அவர் எங்களுக்கு மாமாவானார். பின் சீட்டில் இருந்த நாயனக்காரர் மிரண்டுபோய்ச் சித்தப்பாவைப் பார்க்க, சித்தப்பா, "ஊதுய்யா! எதுக்கு ஒன்னை அழைச்சுக்கிட்டு வந்தோம்?" என்று கத்தினார். தவில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்து, பிறகு கொட்டித் தீர்த்தது. அத்தனை பேரும் இறங்கிவிட்டோம். காலி பஸ் யானை மாதிரி மெதுவாக எங்கள் பின்னால் ஊர்ந்து வந்தது.

இன்று அந்தத் தெருவில் சாதாரண டவுன் பஸ்ஸே போகிறது. அத்தை அதில் ஏறினால் ஜன்னலோரம் சாய்ந்து தூங்கிவிடுகிறாள். அன்று அவள் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்! அவசரமே இல்லை. ஒவ்வொரு வாசலையும் பார்த்துக்கொண்டு, புதுச் செருப்பு சரக்சரக்கென்று சத்தம் போட, கோலங்களை மட்டும் மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போனாள். ஒரு வாசலில், மேளச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த அம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"யாரு வீட்டுக் கல்யாணம்டி?"

அத்தை நின்று, நன்றாகத் திரும்பி, வாய் நிறையச் சொன்னாள்.

"என் கல்யாணந்தாங்க."