மேரியக்கா கீபோர்டு

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் சிஸ்டம் ஆளாக இருந்தேன். கம்ப்யூட்டரில் எது நின்றாலும் திட்டு எனக்குத்தான்.

பிறை பார்த்ததும் ரம்ஜான் ஷிஃப்ட் நேரம் மாறும். லைனில் வேலை செய்கிறவர்களுக்குத் தமிழ் நோட்டீஸ் அன்று மாலையே ஒட்ட வேண்டும். அடிப்பவர் மேரியக்கா. டைப்ரைட்டிங் பழகிய விரல், எழுத்து வரிசை மாறிய வேறு லேஅவுட் வராது. எழுத்து ஸ்டிக்கர் ஒட்டிய யூஎஸ்பி கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வருவார். இருந்ததோ ஒரே சிஸ்டம். ஷிப்பிங் பாஷா பாயும் அதில்தான் உட்காருவார்.

அந்த வருஷம் அக்கா அடித்து முடித்து, கீபோர்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். லேஅவுட் தமிழிலேயே நின்றுவிட்டது. பாய் பாஸ்வேர்ட் அடித்தார். விழுந்தது தமிழ் எழுத்து, தெரிந்தது வெறும் புள்ளிகள்தானே! மறுபடி மறுபடி அடித்ததில் அக்கவுண்ட் லாக்.

"இன்னாக்கா இது பேஜாரு! லாரி கேட்டாண்ட நிக்குது!" என்று அக்காவைத் தேடிப் போய்க் கத்தினார். நான் லாக்கை எடுப்பதற்குள் நேரமாகிவிட்டது; டாக்குமெண்ட் இல்லாமல் லாரி அன்று கிளம்பவில்லை.

மேனேஜர் முடிவே பண்ணிவிட்டார். "தமிழ் வேலையெல்லாம் இனிமே வெளிய டிடிபி கடைக்குக் குடுத்துடலாம்."

அக்கா என்னிடம் வந்தார். "அப்ப எனக்கு இங்க இன்னா வேல தம்பி?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. மனுஷி விரலை மாற்ற முடியாது, மிஷினை மாற்றலாமே! மேனேஜரிடம் ஒருநாள் டைம் கேட்டேன். ஒவ்வொரு கீபோர்டு மாடலுக்கும், செருகியதும் சிஸ்டம் படிக்கிற ஒரு ஐடி உண்டு. அக்கா வைத்திருந்த பழைய மாடல் ஆபீஸில் வேறு யாரிடமும் இல்லை. அது செருகினால் தமிழ், பிடுங்கினால் இங்கிலீஷ் என்று தானாக ஓடும் சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன்.

மேனேஜர் எதிரிலேயே அக்கா செருகினார். யாரும் தொடாமல் ஸ்கிரீன் மூலையில் 'த' வந்தது. பிடுங்கினார். பாய் உட்கார்ந்து பாஸ்வேர்ட் அடித்தார், திறந்தது.

"நம்ம மிஷினுக்கு அக்காவத் தெரியுது சார்," என்றார் பாய். டிடிபி கடைப் பேச்சு அதோடு போனது.

அக்கா ரிடையர் ஆனபோது கீபோர்டை மட்டும் கேட்டு வாங்கிப் போனார். இப்போது ஷிஃப்ட் நேரம் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. அந்தக் காலத்து ஆபீஸ் சத்தமே போய்விட்டது.

நான் ரிடையர் ஆவதற்கு முன் கடைசியாகப் போட்டுக் கொடுத்தது ஷிப்பிங்கின் புது சிஸ்டம். எல்லாம் ஏற்றி முடித்து எழுந்தேன். பாஷா பாய் என் தோளை அழுத்தி மறுபடி உட்கார வைத்தார்.

"அக்கா ஸ்கிரிப்ட்டு போட்டியா? என்னிக்காவது வந்தா தேடுவாங்கல்ல."