நடுக்கடலில் பொங்கிய மாவு

சில வருடங்களுக்கு முன், ஒரு மே மாத மத்தியானம். மும்பை பாவுச்சா தக்கா துறையிலிருந்து எதிர்க்கரை மாண்ட்வாவுக்குப் போகும் கார் படகில் நடந்தது இது. படகு என்றதும் துடுப்பையும் பாய்மரத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கீழ்த்தளத்தில் காரும் டெம்போவும் பைக்குமாக நெருக்கி நிற்கும். மேலே ஏசி, சமோசா, காபி என்று கிட்டத்தட்ட ஒரு சினிமா தியேட்டர்.

நான் செம்பூரில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். அக்கம்பக்கத்துக்காக வீட்டு கிரைண்டரில் ஆரம்பித்தது, கடை, கேன்டீன் என்று வளர்ந்து, நம்மவர்கள் அலிபாக் பக்கத்து ரிசார்ட்டுகளில் கல்யாணம் வைக்க ஆரம்பித்த பிறகு கடலையும் தாண்டியது. முன்பெல்லாம் அந்தக் கரைக்கு ஆட்கள் மட்டும் போகிற லாஞ்ச்தான். மழைக்காலத்தில் அதுவும் நின்றுவிடும். சாமான் வண்டி என்றால் பன்வெல் வழியாகச் சாலையில் சுற்ற வேண்டும், போய்ச் சேருவதற்குள் மாவும் புளித்துவிடும், நமக்கும் இடுப்பு ஒடிந்துவிடும். இந்தப் படகு வந்த புதிதில் பங்களாக்காரர்கள்தான் காரும் நாயுமாக ஏறினார்கள். அப்புறம் மெதுவாகப் பிழைப்புக்காரர்களும் ஏறினோம். பால் வண்டி, பந்தல் சாமான், ஆம்புலன்ஸ் எல்லாம் வரும். ஒரு தடவை மாப்பிள்ளை ஊர்வலத்துக்கான வெள்ளைக் குதிரைகூட டெம்போவில் நின்றபடி வந்து, படகிலேயே சாதுவாகத் தூங்கியது.

அன்றைக்கு எங்கள் டெம்போவில் இருந்தது ஏழு டிரம் மாவு. மறுநாள் காலை முகூர்த்தம். மாதுங்காக் குடும்பம், அங்கே நம்மவர்கள் கூடுகிற கிங்ஸ் சர்க்கிளில் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். அவ்வளவு பெரிய ஆர்டர் எனக்கு அதுதான் முதல். முகூர்த்தத்தன்று காலை டிபன் சொதப்பினால் சாயங்காலத்துக்குள் கிங்ஸ் சர்க்கிள் பூக்கடை வரை சேதி போய்விடும், அதற்கப்புறம் என் மாவை யாரும் தொடமாட்டார்கள். அதனால் எங்கே மாவு பற்றாமல் போய்விடுமோ என்ற பதற்றத்தில், பொங்க இடம்கூட விடாமல், எல்லா டிரம்மையும் கழுத்து வரை நிரப்பி, மூடியை அழுத்திப் பூட்டினேன். விடிகாலையில் ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்த மாவு, மத்தியானத்துக்குள் ரிசார்ட்டின் குளிர் அறைக்குள் போய்விடும் என்பது கணக்கு.

பாதிக் கடலில் படகு குலுங்கி நின்றது.

மீன்பிடி வலை ஒன்று படகின் அடியில் சுழலும் காற்றாடியில் சுற்றிக்கொண்டது என்றார்கள். ஆள் இறங்கி அறுத்தெடுக்கும் வரை நகர முடியாது. கொஞ்ச நேரத்தில் வலைக்குச் சொந்தக்கார மீனவர்களின் படகும் பக்கத்தில் வந்து நின்றது. அவர்கள் கீழேயிருந்து கத்த, நாங்கள் மேலேயிருந்து கத்த, ஒரே ரகளை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அதிகமாகக் கத்தியது நான்தான். பம்பாய் இந்தியில் எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். இத்தனை பெரிய கடலில் வலை போட வேறு இடமே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். தலையில் துண்டு கட்டிய பெரியவர் ஒருவர் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கிழிந்த வலையைச் சுருட்டப் போய்விட்டார்.

வெயில் ஏற ஏற என்னால் உட்கார முடியவில்லை. படகு கரை சேரும் வரை வண்டித் தளத்துக்கு யாரும் இறங்கக் கூடாது என்பது சட்டம். மூடிய டெம்போ, கீழே இன்ஜின் சூடு, மே மாதம். மாவு எந்த நேரத்தில் எந்த உயரத்துக்கு வரும் என்பது எனக்குப் பார்க்காமலே தெரியும். அது தெரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாக ஒரு சமோசாவாவது தின்றிருப்பேன்.

எங்கள் டெம்போ ஓட்டுகிற தம்பி தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலி. அவர் பங்குக்கு, "ஏக்கா, இந்நேரம் மாவு மூடிய முட்டிருக்கும்லா?" என்று கேட்டுவைத்தார்.

படிக்கட்டுக் கதவருகே நின்ற ஊழியரிடம் கெஞ்சினேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பொறுக்க முடியாமல், "டிரம் ஃபட் ஜாயேகா, பையா!" என்று அலறிவிட்டேன். டிரம் வெடித்துவிடும் என்றால் என்ன டிரம் என்று யார் கேட்கப் போகிறார்கள்? அடுத்த நிமிஷம் மூன்று பேர் தீயணைக்கும் சிலிண்டரோடு கீழே ஓடினார்கள். பின்னாலேயே நாங்களும் ஓடினோம்.

டெம்போ கதவைத் திறந்ததும் அவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். இரண்டு டிரம்களின் மூடி தெறித்து, மாவு பொங்கி வழிந்து, கதவு வழியாகத் தளத்தில் இறங்கி, பக்கத்திலிருந்த பளபளக் காரின் டயரை நோக்கி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஒருவர் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்து, "இட்லி?" என்றார். ஆமாம் என்றேன். அவருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மீதி ஐந்து டிரம்மின் மூடியைத் தளர்த்திப் பார்த்தேன். பதமாகப் பொங்கியிருந்தது. இந்த நிமிஷமே குளிரில் வைத்தால் காலையில் பூப்போல இட்லி வரும். இன்னும் ஒரு மணி நேரம் இதே சூட்டில் நின்றால் கல்யாணத்துக்குப் புளித்த கஞ்சிதான்.

"பர்ஃப் இருக்கா?" என்று கேட்டேன். கேன்டீனில் ஒரு தட்டு ஐஸ்தான் இருந்தது. தளத்தைக் கழுவக் குழாயை எடுத்துவந்த ஊழியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வெளிக்கம்பிப் பக்கம் போய், கீழே நின்ற மீனவர்களிடம் மராத்தியில் ஏதோ சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

எட்டிப் பார்த்தேன். அதே துண்டு கட்டிய பெரியவர்.

"ஊப்பர் ஸே காலி தே ரஹீ தீ, வோஹீச் நா?" என்றார். மேலேயிருந்து திட்டிக்கொண்டிருந்தவள் நீதானே என்று. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் திரும்பித் தன் ஆட்களிடம் கையைக் காட்டினார். படகின் அடியறைப் பலகையைத் தூக்கினார்கள். உள்ளே நொறுக்கிய ஐஸ் நிறையக் கிடந்தது, பிடிக்கப்போகிற மீனுக்காக எடுத்துவந்தது. பிளாஸ்டிக் பெட்டிகளில் அள்ளிக் கயிற்றில் கட்டினார்கள். நான் அவசரமாக, உங்களுக்கு வேண்டாமா என்று கேட்டேன்.

"ஜால்-இச் நஹீ, தோ பர்ஃப் கா க்யா கரூ?" என்றார். வலையே இல்லை, ஐஸை வைத்து என்ன செய்வேன்? பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "தும்ஹாரா மால் பீ சட்னேவாலா, அப்னா பீ" என்றார். உன் சரக்கும் கெட்டுப்போகிற சரக்கு, எங்களதும் அப்படித்தான்.

பெட்டிகள் மேலே வந்தன. டெம்போத் தம்பிதான் தயங்கினார். "ஏக்கா, மீனு போடுத ஐசுல்லா? கல்யாண வீட்டுக்காரவ ஒத்துக்கிடுவாவளா?"

"டிரம்முக்கு வெளியிலதானே வைக்கப்போறோம். பேசாம ஏத்துங்கோ."

படகு ஊழியர்களும் எங்களோடு சேர்ந்து டிரம்களைச் சுற்றி ஐஸை அடைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடினார்கள். முடித்துவிட்டு நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மீனவர் படகு சற்று விலகி நின்றது. அதிலிருந்த நான்கு பேரும் வலையின் கிழிசலைக் கைகளில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வலை போனால் ஒரு வீட்டில் என்னவெல்லாம் நின்றுபோகும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கும்பிட்டேன். பெரியவர் பார்த்தாரா என்று தெரியாது.

படகு கிளம்பி மாண்ட்வா சேரச் சாயங்காலமாகிவிட்டது. ஐந்து டிரம்மும் பிழைத்தன. போன இரண்டுக்கு ஈடாக ரவா உப்புமா கிளறிக்கொள்வதாக முடிவு செய்தேன்.

விடிகாலையில் புளியும் எலுமிச்சையும் போட்டு டிரம்களை வெளிப்பக்கம் தேய்த்தும், ஐஸோடு ஒட்டிவந்த மீன் வாடை முழுதாகப் போகவில்லை. முதல் ஈடு வேகும்போது பெண்ணின் அம்மா சமையற்கட்டுக்கு வந்து மூக்கைச் சுளித்தார். "என்ன மாமி, ஏதோ கவிச்சி வாடை அடிக்கறதே?" மறைக்க எனக்குத் தெம்பில்லை. நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். அவர் டிரம் பக்கம் குனிந்து மோந்து பார்த்தார். பிறகு ஈட்டிலிருந்து ஒரு இட்லியை எடுத்துப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "நன்னா வந்திருக்கு. எங்க மாமியார் டிபன் சாப்ட்டு காபி குடிச்சு முடிக்கற வரைக்கும் வாயைத் திறக்காதீங்கோ" என்றார். வாசல் வரை போனவர் திரும்பி, "அவாளுக்கு வலை கிடைச்சுதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்றைக்கும் தெரியாது. அப்புறம் பல தடவை தக்காவில் கட்டியிருக்கும் படகுகளுக்கு நடுவே விசாரித்துப் பார்த்தேன். பெயரும் தெரியாது, படகின் நிறமும் சரியாக நினைவில்லை, துண்டு கட்டாத மீனவரும் அங்கே இல்லை. கார் படகுக்கும் இப்போது வயசாகிவிட்டது. பெயின்ட் மங்கி, நாற்காலிகள் கிழிந்து, ஊழியர்கள் பாதிப் பேர் மாறிவிட்டார்கள். பழைய ஆட்கள் மட்டும் என்னைப் பார்த்தால் "டிரம் ஃபட் ஜாயேகா" என்று கேலி செய்வார்கள். வலை மிதவைகள் எதிர்ப்பட்டுப் படகு வேகம் குறையும்போது பயணிகள் யாராவது முணுமுணுத்தால், நான் எழுந்து கம்பியருகே போய் நின்றுகொள்வேன். தன் பிழைப்பு கிழிந்து கையில் கிடந்த நேரத்தில், திட்டியவளின் மாவு புளித்துவிடக் கூடாது என்று நினைத்த ஒரு மனிதர் இந்தத் தண்ணீரில்தான் எங்கோ இருக்கிறார். அவருக்குப் புது வலை கிடைத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் வேண்டிக்கொள்ளாமல் நான் அக்கரையில் இறங்குவதில்லை.