பத்துப் படி வீடு

ஊரில் பாதிப் பேரை வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்தவர் என்று ஸ்டூடியோக்காரரைச் சொன்னால் பொய்யில்லை. முப்பது வருஷமாக பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறார். அவர் மட்டும் ஸ்டூல் உயரத்துக்கு மேலே போனதில்லை.

விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பெண் ஒருத்தி விசா போட்டோவுக்கு வந்தாள். படத்தைப் பார்த்து, "சார், முதல்தடவையா என் மூஞ்சி என் மூஞ்சி மாதிரியே இருக்கு! ஞாயித்துக்கிழமை வாங்க, ஒரு சுத்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

எங்கே போவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அப்பா நீரேற்று நிலையத்தில் பம்ப் ஓட்டியவர். பதினோரு வயது வரை அந்த வளாகத்தில்தான் குடியிருப்பு. பத்துப் படி ஏறிப் போகிற வீடு, வளைவு ஜன்னல், சுற்றிலும் புல்வெளி என்று கேட்டுக் கேட்டு மனைவிக்குக் காது புளித்துவிட்டது. சாட்சிக்கு இருக்கட்டும் என்று அக்காவையும் அழைத்துக்கொண்டார். அதுதான் வினையாகப் போயிற்று.

சின்ன விமானம். அவர் முன்னால், அக்கா பின்னால். மூன்று பேருக்கும் ஹெட்போன்; ஒருவர் முணுமுணுத்தால் மற்ற இருவருக்கும் கேட்கும்.

"அதோ நம்ம வீடு!" கேமரா படபடவென்று அடித்தது.

"எதுடா?"

"புல்வெளிக்கு நடுவுல, ஓட்டு வீடு."

"அடப்பாவி, அது என்ஜினியர் வீடு! நம்மது தொட்டிக்குப் பின்னாடி, தீப்பெட்டி மாதிரி நாலு இருக்கே, அதுல கடைசி."

"உனக்கு வயசாயிடுச்சுக்கா."

"எனக்கு வயசுதான் ஆச்சு. உனக்குப் புத்தியே போச்சு. அந்தப் படியில உக்காந்ததுக்குத் தோட்டக்காரர் உன் காதைத் திருகி இழுத்துட்டு வந்தாரே, மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தார். ஹெட்போனுக்கு அடியில் காது மட்டும் சூடேறியது.

விமானம் ஓட்டியவள் சிரிப்பை அடக்கியபடி, "இன்னொரு சுத்து போறேன். எந்த வீடுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கோங்க" என்றாள்.

அந்தச் சுற்றில் தீப்பெட்டிகளைக் குறிவைத்து நாலைந்து படம் எடுத்தார்.

மறுநாள் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தார். என்ஜினியர் வீடு கண்ணாடி போலத் தெளிவு, ஓடுகளை எண்ணலாம். எண்ணிப் பார்த்தால் படிகள் ஆறுதான். கடைசித் தீப்பெட்டியை மட்டும் எல்லாப் படத்திலும் விமானத்தின் சக்கரம் மறைத்துக்கொண்டிருந்தது. ஐம்பது வருஷமாக வாயாலேயே படியேறி, ஒருவரையும் கேட்காமல் அடுத்தவர் வீட்டில் குடிபுகுந்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஆனாலும் தொழில்காரர் மனசு. நல்ல படத்தை அழிக்கக் கை வரவில்லை. என்ஜினியர் வீட்டைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஃப்ரேம் செய்து, கடையில் மாட்டினார்.

"யார் வீடு சார்?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. முதல் வாரம் "எங்க..." என்று ஆரம்பித்து இருமிச் சமாளித்தார். இப்போது அந்தக் கஷ்டமில்லை. ஃப்ரேமுக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் சுவரில் விரலை வைத்து, "நாங்க இருந்தது இங்க" என்கிறார்.

அவர்களும் சுவரை உற்றுப் பார்த்துவிட்டு, "நல்ல காத்தோட்டமான இடம்தான்" என்கிறார்கள்.