ஐம்பதாம் பக்கத்துக் கோடு

அம்மா நூலகத்தில் புத்தகம் தேடுவதில்லை. தேடுவது அங்கே வேலை செய்பவர்களின் பாடு என்பது அவரது கொள்கை. சனிக்கிழமை காலையில் லிங்கநகரிலிருந்து என் ஸ்கூட்டியின் பின்னால் ஏறி வருவார். வழியில் ஊருக்குள் திரியும் மான்கள் மறித்தால் ஹோர்ன் அடிக்கச் சொல்லி என் தோளில் குத்துவார். உள்ளே போனதும் கவுண்டருக்கு எதிரே உள்ள கதிரையில் உட்கார்ந்து, "இண்டைக்கு என்ன வச்சிருக்கிறாய் பிள்ளை?" என்பார், மீன் சந்தையில் கேட்பது மாதிரி.

அந்தப் 'பிள்ளை'க்கு நாற்பது வயதிருக்கும். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்து, இரவல் கொடுக்கும் பகுதியில் வேலை செய்யும் பெண். கதையைச் சொல்லிக் கெடுக்க மாட்டார். "இதில வாற மாமியாரைக் கண்டா உங்களுக்குக் கோவம் வரும் அம்மா, கொண்டு போங்க" என்பார். அடுத்த சனிக்கிழமை அம்மா அந்த மாமியாரைத் திட்டிக்கொண்டே புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பார். இருவருக்கும் அதில் அப்படியொரு திருப்தி.

எங்கள் நூலகத்தில் நாவல் வாசிப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாசித்ததையே மறுபடி எடுத்துப் போய் ஏமாறாமல் இருக்க, ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு பக்கத்தில் பென்சிலால் சின்ன அடையாளம் போட்டு வைப்பார்கள். ஒருவர் வட்டம் போடுவார், இன்னொருவர் புள்ளி வைப்பார். அம்மாவுடையது ஐம்பதாம் பக்கத்தில், எண்ணுக்குக் கீழே ஒரு கோடு. புத்தகத்தில் எழுதக் கூடாது என்று சுவரில் அறிவித்தல் இருக்கிறது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் அம்மா ஐம்பதாம் பக்கத்தைப் பிரித்துப் பார்ப்பார்.

போன வருடம் அவருக்கு மறதி தொடங்கியது. கறிக்கு உப்பு இரண்டு தரம் விழுந்தது. டொக்டர் வயது என்று சொல்லிக் குளிசை எழுதிக் கொடுத்தார். அதையெல்லாம் அம்மா பெரிதாக எடுக்கவில்லை. நூலகத்தில்தான் அடி விழுந்தது. ஒரு சனிக்கிழமை பிள்ளை கொடுத்த புத்தகத்தைப் பிரித்தார், கோடு இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. ஒரு கதையும் அவருக்கு ஞாபகம் இல்லை. "இதெல்லாம் நான் வாசிச்சனானோ?" என்று என்னைக் கேட்டார். வீட்டுக்கு வந்து கண்ணாடியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, "இனி எனக்கு லைப்ரரி வேண்டாம்" என்றார்.

வாசிக்காத அம்மாவை நான் அதற்கு முதல் கண்டதே இல்லை. விறாந்தையில் சும்மா இருந்து கேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் பிடித்தது. பயம் வந்தால் எனக்கு வாய் நீளும். சாப்பிடச் சொல்லியும் கத்தினேன், குளிக்கச் சொல்லியும் கத்தினேன்.

சில வாரம் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளையே போன் எடுத்தார். "அம்மாவுக்கு ஒரு புத்தகம் எடுத்து வச்சிருக்கிறன், கூட்டிக்கொண்டு வாங்க அக்கா." அம்மா முறுக்கிக்கொண்டுதான் வந்தார். ஐம்பதாம் பக்கத்தைப் பிரித்தார். கோடு இல்லை. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு பழையபடி சனிக்கிழமைகள் வந்தன. இப்படி எடுத்து வந்த ஒன்றின் பின்னட்டையில் தேத்தண்ணிக் கறை ஒன்றைக் கண்டேன். அந்தக் கறை என் கைங்கரியம். முந்தி அம்மா அதே புத்தகத்தை எடுத்து வந்தபோது கொட்டினேன். அதற்கு வாங்கிக் கட்டியதும் நினைவிருக்கிறது. ஐம்பதாம் பக்கத்தைத் திருப்பினேன். எண்ணுக்குக் கீழே தாள் வெளிறியிருந்தது. மடிப்புக்குள் அழிறப்பர் தூள்.

திங்கட்கிழமை மத்தியானம் நான் வேலை செய்யும் கந்தோரிலிருந்து சாப்பிடாமல் நேரே நூலகத்துக்குப் போனேன்.

"மறதி வருத்தம் வந்த மனிசியை ஏமாத்துறீங்களோ?" என்று பிள்ளையைக் கேட்டேன்.

"ஓம் அக்கா, நான்தான் அழிச்சனான். ஆனா பொய் சொல்லேல்ல. வாசிச்சதோ எண்டு அவ கேட்கேல்ல. நல்ல புத்தகமோ எண்டுதான் கேட்டவ. நல்ல புத்தகம்தான்."

"இது சரியில்ல."

"நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டுறன். பிறகு அவவுக்கு என்னத்தைக் குடுக்கிற? இங்க உள்ள நல்லதெல்லாம் வாசிச்சு முடிச்சிட்டா. மிச்சம் கிடக்கிறது நானே அவவுக்கு வேண்டாமெண்டு தள்ளி வச்சதுகள்."

கோபம் முழுதாகப் போகவில்லை. அதோடேயே கந்தோருக்குத் திரும்பினேன்.

அன்று பின்னேரம் அம்மா விறாந்தையில் அதே புத்தகத்தோடு இருந்தார். ஐம்பதாம் பக்கம் திறந்திருந்தது. எண்ணுக்குக் கீழே விரல் நுனியால் தடவிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை நல்லாத்தான் அழிச்சிருக்கு," என்றார் என்னைப் பார்க்காமல். "ஆனா நான் அழுத்திக் கீறுறனான். தடவினாத் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ வாசிக்கிறீங்க?"

"அதுக்கென்ன? கதை எனக்குப் புதுசுதானே. நீ அவளிட்டப் போய் வாயைத் திறந்துபோடாதை. பிறகு எனக்குப் புத்தகம் எடுத்துத் தரக் கூச்சப்படுவாள்."

மத்தியானம் போய்ச் சண்டை பிடித்துவிட்டு வந்ததை நான் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை பிள்ளை ஒரு தடித்த நாவலை நீட்டினார். "இதில வாற கடைசித் தம்பியை உங்களுக்குப் பிடிக்கும் அம்மா." அம்மா ஐம்பதாம் பக்கத்தைப் பிரித்தார். அவர் விரல் எண்ணுக்குக் கீழே போய் ஒருக்கால் நின்றது. பிள்ளை என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த அறிவித்தலைப் பார்த்தேன்.

"இது நான் வாசிக்கேல்ல," என்றார் அம்மா. "பதிஞ்சு தா பிள்ளை."