ஆளில்லாப் பெட்டியில் பதினோரு பேர்

ரயில் பெட்டிக்குள் ஏறியதும் ரெகுலா இருக்கை தேடமாட்டாள். முதலில் கையை உயர்த்தி, கூரையிலுள்ள காற்றுத் துளைகளுக்குக் கீழே பிடிப்பாள். காலிப் பெட்டியில் காற்று பலமாக வந்தால் போச்சு, முகம் சிவந்துவிடும். "வெளிய மைனஸ் எட்டு. அந்தப் பனிக்காத்த உள்ள இழுத்து, சுட வச்சு, யாருக்கு ஊதுறானுங்க? சீட்டுக்கா குளிருது?" என்று பக்கத்தில் யார் நின்றாலும் கேட்பாள்.

சூரிச்சுக்குப் பக்கத்தில் ஒரு ரயில் பணிமனையில் இருபத்திரண்டு வருடமாக மெக்கானிக். அங்கே அவளுக்குக் "காத்துக்காரி" என்று பட்டப்பெயர். வீட்டில் ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் கணவனுக்குத் திட்டு நிச்சயம். மூன்று குளிர்காலம் நச்சரித்துத்தான் ஒரே ஒரு பெட்டியில் சென்சார் வைக்க அனுமதி வாங்கினாள். ஆட்கள் விடும் மூச்சை அது அளக்கும்; கூட்டம் இருந்தால் காற்றைக் கூட்டும், இல்லாவிட்டால் குறைக்கும். சோதனையில் தேறினால் எல்லாப் பெட்டிகளுக்கும் வரும்.

போன வாரம் சோதனை முடிவுப் படிவம் வந்தது. 'பயணிகள்: பூஜ்யம். காலை ஒன்பதுக்குக் காற்று முழு வேகம். கருவியை நம்ப முடியாது. கழற்றவும்.' கீழே மேலாளர் ஏபர்ஸோல்டின் கையெழுத்து.

ஒன்பது என்றதுமே அவளுக்குப் பொறி தட்டியது. அந்த நேரத்தில் பணிமனையில் எவனும் ஸ்பேனரைத் தொடமாட்டான். ரொட்டியும் சீஸும் தின்கிற வேளை. பெட்டிக்குள் போய்க் குனிந்து பார்த்தாள். இருக்கைகளுக்கு அடியில் ரொட்டித்தூள். சென்சாருக்கு நேர் கீழே சீஸ் தோல்.

"டேய் உர்பான்! சோதனை அன்னிக்கு இங்கயா உக்காந்து தின்னீங்க?"

சக மெக்கானிக் உர்பான் தலையைச் சொறிந்தான். "வேற எங்க போறது? ஷெட்டுல பல்லு தந்தியடிக்குது. பதினோரு பேர் இருந்தோம். மேனேஜரும்தான் இருந்தாரு. சாசேஜ் கொண்டாந்ததே அவருதான்."

இப்படியும் ஒரு அநியாயம் உண்டா! உள்ளபடி சொன்ன கருவிக்குப் பொய்யன் பட்டம். பட்டம் கட்டியவர் வாயில் சாசேஜ். ரெகுலா படிவத்தை எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனாள்.

"பெட்டி காலின்னு எழுதிருக்கீங்களே, நீங்களே உள்ளதான இருந்தீங்க?"

"பயணின்னு யாரும் இல்லையே, ரெகுலா. நாம வேலையாளுங்க. நமக்குப் படிவத்துல கட்டமே கிடையாது."

அவள் படிவத்தை மேசைமேல் வைத்தாள். கூரைத் துளைக்குக் கீழே பிடிப்பது போலவே உள்ளங்கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். படிவத்தைத் திருத்த அவர் பேனாவை எடுக்கும்வரை கையை இறக்கவில்லை.