உண்டியலில் விழாத கண்

என் தங்கையின் கண்ணை நான் திருடினேன்.

கட்டைவிரல் அகலத்தில் ஒரு வெள்ளித் தகடு. அதில் புருவமும் இமையும் விழியும் அச்சில் எழும்பியிருக்கும். கண்மலர் என்பார்கள். கண்நோய் தீர வேண்டிக்கொண்டு சாமிக்குச் செலுத்துவது. அம்மனுக்குப் போய்ச் சேர வேண்டிய அது, நாற்பது வருடங்களுக்கு மேலாக என்னிடம் இருக்கிறது. இதை எழுதும்போதும் சட்டைப் பையில் இருக்கிறது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்... அது எனக்குத் துக்கத்தைவிடச் சந்தோஷத்தையே அதிகம் தந்திருக்கிறது. அதைத்தான் உங்களிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது, அஞ்சலைக்கு ஆறு. அம்மை போட்டு இறங்கிய பிறகு அவள் இடது கண்ணில் பூ விழுந்தது. வலது கண்ணும் சிவந்து நீர் வடித்தது. நைனா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தார். அம்மா மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். ஓர் அமாவாசைப் பகலில் அம்மாவும் நாங்கள் இருவரும் செஞ்சியிலிருந்து பஸ் ஏறினோம்.

கோயில் வாசலில் ஒரு ஜோடி கண்மலர் வாங்கினாள் அம்மா. அஞ்சலையின் இரண்டு கண்களிலும் அவற்றை ஒற்றியெடுத்து, என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் உண்டியல் வரைக்கும் அவளால் போக முடியாது. நான் ஒல்லியானவன். கால்களுக்கு நடுவே நுழைந்து போய்விடுவேன்.

போனேன். ஒன்றைப் போட்டேன். உள்ளே அது விழுந்த சத்தம்கூடக் கேட்டது. இரண்டாவதைப் போடக் கையை நீட்டியபோது, எங்கிருந்தோ ஒரு கீற்று வெயில் வந்து அதன்மேல் விழுந்தது... அது என்னைப் பார்த்தது!

யார் பார்த்தாலும் கூசிப்போகிறவன் நான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் பக்கம் திரும்பினாலே தலையைக் குனிந்துகொள்வேன். இந்தக் கண் பார்த்தபோது மட்டும் கூசவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கட்டும் என்றிருந்தது. விரல்களை மூடிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள். "ரெண்டும் உள்ள வுழுந்துச்சாடா?"

"வுழுந்துச்சும்மா."

எங்கள் செஞ்சியில் கிருஷ்ணகிரிக் கோட்டை அடிவாரத்தில் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்குமே, அங்கே ஒரு பொந்தில் அதை ஒளித்து வைத்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடுவேன். வெயிலில் அதைச் சாய்த்துப் பிடித்தால் எதிர்ப் பாறையில் ஒரு வெளிச்சப் புள்ளி தோன்றும். என் விரல் அசைந்தால் அது நடக்கும், ஏறும், பாறை இடுக்கில் மறைந்து மறுபக்கம் எட்டிப் பார்க்கும். நான் சொன்னபடி கேட்கிற ஒரே உயிர்! அந்தப் பொழுதில் மலையும் வெயிலும் கோட்டையும் எனக்காகவே மெதுவாக மூச்சு விடுவது போலிருக்கும். பசி தெரியாது. என் பெயர்கூட மறந்துபோகும்.

அந்த மாதங்களில்தான் அஞ்சலையின் இடது கண் போயிற்று. வலது கண் மெல்லத் தெளிந்தது.

அம்மா சொன்னாள்: "ஆத்தா ஒரு கண்ணை எடுத்துக்குனு ஒரு கண்ணை வுட்டுட்டா."

எட்டு வயதுப் பிள்ளைக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒன்று விழுந்தது, ஒரு கண் பிழைத்தது. ஒன்று விழவில்லை... என்னிடம் இருப்பது இடதா வலதா என்று தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இப்படிப் பிடித்தால் இடது. பின்பக்கம் புரட்டிப் பிடித்தால் வலது. இன்றுவரை எனக்குத் தெரியாது.

தகட்டுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். பிற்பாடு ஒரு டாக்டரும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார். அம்மையில் கருவிழி தழும்பாகிவிட்டது, அதில் இனி வெளிச்சம் மட்டும் மங்கலாகத் தெரியும், யார் என்ன செய்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்றார். அதைக் கேட்டு என் பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அவள் சுவரைத் தடவித் தடவி நடக்கப் பழகிய அந்த நாட்களில், நான் பாறைமேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேனே... அதற்கு எந்த டாக்டர் என்ன சொல்வார்?

அம்மாவிடம் சொல்லப் பலமுறை வாயெடுத்தேன். அவள் போய்ச் சேரும்வரை சொல்லவில்லை.

ஐந்தாம் வகுப்போடு நின்று, நெல் மண்டியில் மூட்டை தைக்கிற வேலைக்கு வந்தேன். இன்றும் அதே கோணி ஊசிதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மற்றவர்கள் கண்ணயரும்போது, குடோன் சுவரில் அந்த வெளிச்சத்தை நடக்க விடுவேன். ஐம்பது வயது ஆளுக்கு இது வெட்கக்கேடு. ஆனாலும் அது சுவரில் ஏறும்போது உள்ளே ஏதோ ஒன்று எட்டு வயதில் போலவே துள்ளுகிறது. தேய்ந்து தேய்ந்து புருவக் கோடே இப்போது இல்லை. சந்தோஷம் மட்டும் தேயவில்லை!

அஞ்சலை அனந்தபுரத்தில் வாழ்க்கைப்பட்டாள். பூக்கட்டி விற்கிறாள். ஒற்றைக் கண்ணால் அவள் கட்டும் வேகத்துக்கு இரண்டு கண்ணும் உள்ளவர்கள் ஈடு கொடுக்க முடியாது. அவள் கண்ணைப் பார்த்து நான் தயங்கி நின்றால், "உன் மூஞ்சியைப் பாக்க ஒரு கண்ணே ஜாஸ்திண்ணா" என்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன மாதம் அந்த ஒரு கண்ணும் மங்கிவிட்டது. புரை. ஆபரேஷன் செய்தால் சரியாகும், ஆனால் இருப்பது இந்த ஒரு கண்தான், பார்த்துச் செய்ய வேண்டும் என்றார்களாம். அவள் பயந்து நான் பார்த்ததே இல்லை. அன்று பயந்திருந்தாள். ஆபரேஷனுக்கு முன்பு மலையனூருக்குக் கண்மலர் செலுத்த வேண்டும் என்றாள்.

"நீயே போடுண்ணா. அன்னிக்கு உன் கை போட்டதுலதான் எனக்கு இந்தக் கண்ணாவது தங்குச்சி."

என் கை!

புதிய ஜோடியை அவள் கண்களில் ஒற்றி எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். சட்டைப் பையில் பழையது இருந்தது. மூன்றையும் போட்டுவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன். புதியவை இரண்டும் விழுந்தன. பழையதை உண்டியல் வாயில் பாதி நுழைத்தேன்... விரல் விடவில்லை. பின்னால் ஓர் அம்மாள் "சீக்கிரம்பா" என்றாள். அதை உருவிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வேப்பமரத்தடியில் காத்திருந்த அஞ்சலை, அம்மா கேட்டது போலவே கேட்டாள். "ரெண்டும் உள்ள வுழுந்துச்சா?"

"வுழுந்துச்சு."

இந்தத் தடவை பொய் இல்லை. ஆனாலும் என் கை சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது.

நேற்று ஆபரேஷன் முடிந்து செஞ்சியில் என் வீட்டில் தங்கியிருக்கிறாள். நாளைக் காலையில் கட்டுப் பிரிப்பார்கள். அதுவரைக்கும் எதுவும் நிச்சயமில்லை. இன்று சாயங்காலம், வலது கண்ணில் கட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மேற்கு ஜன்னலில் வெயில். என் கை தானாகப் பைக்குள் போயிற்று. கவலை வந்தாலும் எனக்கு அதுதான் பழக்கம். வெளிச்சப் புள்ளி சுவரில் நடந்து, அவள் தோளில் ஏறி, தவறி, இடது கண்மேல் விழுந்தது.

அவள் நிமிர்ந்தாள்.

"அண்ணா, இந்தப் பக்கத்துல வெளிச்சமா ஏதோ வந்துச்சு. இன்னா அது?"

சொல்லியிருக்கலாம். வீட்டில் எங்களைத் தவிர யாரும் இல்லை. இதைவிட நல்ல நேரம் இனி வராது.

"ஜன்னல்ல வெயிலு" என்றேன்.

"நல்லாருக்குது. மறைக்காத, இருக்கட்டும்" என்று முகத்தை அதற்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். சின்ன வயதில்கூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வெயில் இறங்கும்வரை கையை அசைக்காமல் பிடித்திருந்தேன். தோள் மரத்துப்போயிற்று. அவளுடைய கண்ணைத்தான் அவள்மேல் காட்டிக்கொண்டிருந்தேன் என்று அவளுக்குத் தெரியாது.