சூப்பி கேட்ட பிள்ளை

திருத்தணியில் நான் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பக்கத்துப் போர்ஷன் லட்சுமம்மா எட்டிப் பார்த்துக் கேட்பார்: "யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல? சுடுதண்ணி வச்சுகினு கீறே." வெயில் சுவரிலேயே தங்கிவிடும் இந்த ஊரில் சுடுதண்ணீர் என்றால் ஒன்று காய்ச்சல், இல்லாவிட்டால் பிரசவம். நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில் அடுப்பை விட்டுத் தண்ணீர்க் கேத்தல் இறங்கியதே இல்லை. இலங்கையில் இன்னும் இருக்கிறவர்கள் இதைப் படித்துச் சிரிக்கக்கூடும். என்னைப் போலத் தலைமன்னாரில் கப்பலேறி வந்து, அதிகாரிகள் கை காட்டிய ஊரில் குடியேறியவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

நான் கொதிக்க வைத்தது என் மகன் ரவியின் பால் போத்தலை. இரண்டு வயது முடிந்தும் அவன் அதை விடவில்லை. அதன் ரப்பர் காம்புக்கு எங்கள் பேச்சில் சூப்பி என்று பெயர். ரவிக்கு போத்தல், பால், தூக்கம் எல்லாமே சூப்பிதான். அங்கே பனி விலகுமுன் நான் கொழுந்து எடுக்கப் போகும்போது அவனைப் பிள்ளை மடுவத்தில் விடுவேன். தோட்டத்துக் குழந்தைகளை ஆயா பார்த்துக்கொள்ளும் கொட்டகை அது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு போத்தலோடு படுத்திருக்கும். இரவுக் குளிரில் ரவிக்குக் கதகதப்பாக ஒன்றைக் கொடுத்துவிட்டால் விடியும்வரை தூங்குவான். அதைக் கெட்ட பழக்கம் என்று யாரும் சொன்னதில்லை. இங்கே பகலெல்லாம் நான் ஒரு தறி வீட்டில் நூல் சுற்றினேன். என் கணவர் சுப்பையா அரக்கோணத்தில் மூட்டை தூக்கிவிட்டுச் சாயங்கால ரயிலில் திரும்புவார். பிள்ளை விழித்தால் போத்தலை வாயில் வைத்துவிட்டு நாங்களும் கண்ணை மூடிக்கொள்வோம்.

கோடை பிறந்ததும் அவனுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. நிற்கும், மறுபடி வரும். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கால்கள் குச்சியாகிவிட்டன. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"என்னம்மா குடுக்கறீங்க?" என்றார் டாக்டர்.

"போத்தல்லதான் பால் குடுக்கிறேன் ஐயா."

"பொத்தலா? எதுல பொத்தல்?"

ஓட்டை என்று நினைத்துவிட்டார். பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவர் சூப்பியைக் கழற்றி உட்புறம் வெளியே வரும்படி திருப்பினார். வெடிப்புகளில் மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது. "கொதிக்க வச்சாலும் இது போவாதும்மா. ராத்திரி பூரா இதையே குடிச்சா பகல்ல சோறு எப்படி எறங்கும்? இன்னொரு தடவ பேதியானா புள்ள தாங்கமாட்டான். இன்னியோட நிறுத்திடுங்க. டம்ளர்ல குடுங்க."

அன்றிரவே போத்தலைப் பரண் மேல் ஏற்றினேன். ரவி அழுத அழுகையை இப்போது நினைத்தாலும் காது அடைக்கிறது. டம்ளரை நீட்டினால் தட்டிவிட்டான். பால் பாயில் கொட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் லட்சுமம்மாவின் வீட்டுக்காரர் தெலுங்கில் ஏதோ சொல்வது கேட்டது. எங்களைத் திட்டுகிறாரா, பரிதாபப்படுகிறாரா என்று தெரியாமல் கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன். "குடுத்துரு புள்ள, தொண்டை கிழிஞ்சிரும்," என்றார் சுப்பையா. நான் மாட்டேன் என்றேன். இருவரும் முகம் பார்க்காமல் விடியவைத்தோம். மறுநாளும் அவன் பிடிவாதம் தளரவில்லை. வாய் நனைய இரண்டு மடக்குத் தண்ணீர், அவ்வளவுதான். அதற்கடுத்த நாள் மத்தியானம் பேதி திரும்பியது.

சாயங்காலம் சுப்பையா வீட்டுக்குள் நுழைந்தபோது பிள்ளை என் மடியில் துவண்டு கிடந்தான். கண்கள் உள்ளே போயிருந்தன. அழுதான், ஆனால் கண்ணீர் வரவில்லை. காலையிலிருந்து ஒன்றுக்கும் போகவில்லை. நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓட, லட்சுமம்மாவும் கூடவே ஓடிவந்தார். டாக்டர் வேறொரு கேஸில் இருந்தார். நர்ஸம்மா பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். அது மடிப்பாகவே நின்றது. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொடுத்து, "எது எறங்குதோ அத குடுங்க. எறங்கலன்னா டாக்டர் வந்து ஊசில ஏத்தணும்," என்றார். ஸ்பூனை உதட்டில் வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "சூப்பி... சூப்பி..." என்று முனகினான்.

"உன் வைராக்கியத்துக்குப் புள்ளைய பலி குடுக்கப்போறியா?" என்றார் சுப்பையா. போத்தலை எடுத்துவர வீட்டுக்கு ஓடினார். நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்குத் தெம்பில்லை. திரும்பிப் பார்த்தபோது லட்சுமம்மாவையும் காணோம்.

அவர்தான் முதலில் வந்தார், கையில் ஒரு தூக்குடன். "புள்ள சூப்பு, சூப்புன்னு கேட்டுகினே கீது, நீ குந்திகினு கீறியே. பஸ் ஸ்டாண்டாண்ட ஆட்டுக்கால் சூப்பு வாங்கியாந்தேன். ஆற வச்சு குடு."

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், "அக்கா, அவன் கேக்கிறது..." என்று தொடங்கினேன். அதற்குள் நர்ஸம்மா தூக்கை வாங்கி முகர்ந்து, ஒரு சொட்டு ருசித்தார். "காரம் இல்ல. மேல மெதக்கிற எண்ணெய எடுத்துடுங்க. தெளிவா கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பாருங்க," என்றார். லட்சுமம்மா டம்ளரில் ஊற்றி, "குடி நைனா," என்று அவன் வாயில் சாய்த்தார். உதட்டில் உப்பு பட்டது. ரவி நாக்கை நீட்டி நக்கினான். பிறகு வாயைத் திறந்தான். ஒரு மடக்கு இறங்கியது. இன்னொரு மடக்கு. டம்ளரின் விளிம்பைத் தன் விரலால் பிடித்துக்கொண்டான்.

சுப்பையா மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றார். துண்டுக்குள் போத்தல். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, துண்டை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். சூப்புக்குப் பின்னால் உப்புச் சர்க்கரைத் தண்ணீரும் அதே டம்ளரில் இறங்கியது. விளக்கு வைத்து வெகு நேரம் கழித்து அவன் ஒன்றுக்குப் போய் என் சேலை நனைந்தது. அந்த ஈரத்தை உதறாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகும் சில இரவுகள் அவன் கேட்டு அழுதான். அழுகை குறைந்தது, சோறு இறங்கியது. போத்தலில் இப்போது நல்லெண்ணெய் இருக்கிறது. லட்சுமம்மாவிடம் சூப்பி என்றால் என்னவென்று பிறகொரு நாள் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, "எதுவோ ஒண்ணு, வாய தொறந்துதா இல்லியா," என்றார்.

போன கிருத்திகைக்கு மூவரும் மலையேறினோம். கூட்டத்திலிருந்து விலகி, மதிலோரம் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். கீழே, காய்ந்த வயல்களுக்கு நடுவே ஒரு வண்டி அரக்கோணம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. "அந்தா பாரு, கோச்சி," என்று காட்டினேன். தோட்டத்தில் எல்லோரும் ரயிலை அப்படித்தான் சொல்வோம். அவன் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"கோச்சி இல்லம்மா. ரயிலு போவுது."

"ஆங், ரயிலுதான்," என்றேன். அவன் ரயிலுக்குக் கையாட்டினான். நானும் ஆட்டினேன். எனக்கு அது கடைசிப் பெட்டி மறையும்வரை கோச்சியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.